தலைவர்களின் வாய்தவறலும் கட்சிக்காரர்களின் கிண்டலும்

கேள்வி இதுதான்: "ஒரு தலைவர் மேடையில் ஏதாவது உளறிவிட்டால் எதிர்க்கட்சிக்காரர்கள் வாரக்கணக்கில் அதை வைத்தே மீம் போடுகிறார்கள். தங்கள் தலைவர் உளறினால் மட்டும் 'பாவம், வாய் தவறிவிட்டது, இதைப் போய் பெரிசு பண்ணுகிறீர்களே' என்கிறார்கள். இந்தக் கிண்டல் நியாயமா? இதனால் அரசியலில் ஏதாவது மாறுகிறதா?"

கிண்டல் நியாயம்தான். அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை எந்தக் கட்சிக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நம் ஊரில் நடக்கும் கிண்டலில் பெரும்பகுதி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், சுலபமாகச் சிரிப்பு கிடைக்கிற இடத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் அந்தத் தலைவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நமக்குத்தான் நஷ்டம். செய்தித் தொலைக்காட்சியில் தலைவர்களின் பேச்சை வெட்டித் துண்டாக்கும் மேசையில் வேலை பார்த்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2017 ஏப்ரலில், கடும் வறட்சி நேரத்தில், வைகை அணை நீர் ஆவியாவதைத் தடுக்க அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார். அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வெள்ளை அட்டைகளை வரிசையாக வைத்துப் பழுப்பு நிற டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அமைச்சரும் அதிகாரிகளும் கரையில் நின்று அவற்றைத் தண்ணீருக்குள் தள்ளுகிறார்கள். கேமராக்கள் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் காற்று அடிக்க, அட்டைகள் திரும்பக் கரைக்கே வந்து ஒதுங்கிவிட்டன. அன்று சாயங்காலத்துக்குள் 'தெர்மாகோல்' என்பது அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவர் எதைப் பற்றிப் பேசினாலும் கீழே யாராவது ஒருவர் அந்தச் சொல்லை எழுதாமல் விடுவதில்லை.

அது சிரிப்பதற்குரிய காட்சிதான். ஆனால் அந்தச் சிரிப்பில் எது காணாமல் போனது என்று பாருங்கள். நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைக் குறைப்பது கிறுக்குத்தனமான யோசனை இல்லை. 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் குடிநீர்த் தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்க விட்டது. வெயில் பட்டு நீரில் கெடுதலான ரசாயனம் உருவாகாமல் தடுப்பது அங்கே முதல் நோக்கம். ஆவியாதல் குறைவது கூடுதல் பலன். அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள், காற்றில் பறக்காமல் இருப்பதற்காக. குஜராத்தில் 2012இல் மெஹ்சாணா மாவட்டத்தில் நர்மதைக் கிளைக் கால்வாய் ஒன்றின் மேலே சூரிய மின்தகடுகளைக் கூரை போலப் பொருத்தினார்கள். மின்சாரமும் கிடைத்தது, கால்வாய் நீருக்கு நிழலும் கிடைத்தது. ஆக, யோசனையின் வேர் சரி. எடையே இல்லாத அட்டையைப் பல சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில், காற்று வீசும் திறந்த வெளியில் மிதக்க விட்டதுதான் தப்பு. ஒரு சின்னக் குளத்தில் ஒரு வாரம் சோதித்திருந்தாலே விடை தெரிந்திருக்கும்.

அப்படியானால் அன்று கேட்டிருக்க வேண்டியவை என்ன? இந்த யோசனையை எழுதிக் கொடுத்தது யார்? எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போட்டார்? முன்சோதனை ஏன் நடக்கவில்லை? அணைகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. அந்தத் துறை அப்போது முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியிடம் இருந்தது. கூட்டுறவுத் துறை அமைச்சர் அணையில் இறங்கி அட்டை தள்ளுகிறார் என்றால், துறைக்குப் பொறுப்பானவர் என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்க வேண்டாமா? வைகையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துகொண்டே போகிறது என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் புகார். 71 அடி அணை என்று சொல்கிறோம், அதில் எத்தனை அடி மண் என்று கேட்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆவியாதல் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேச்சு நடந்த ஒரே வாரம் அது. அந்த வாரம் முழுவதும் நாம் அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அமைச்சருக்கு என்ன ஆயிற்று? பொறியாளர்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்று பின்னாளில் விளக்கம் கொடுத்தார். கிண்டலையும் பெரும்பாலும் சிரித்த முகத்தோடே எடுத்துக்கொண்டார். 2021 தேர்தலில் அ.தி.மு.க. ஆட்சியை இழந்தது, அவர் மதுரை மேற்குத் தொகுதியில் மறுபடியும் ஜெயித்தார். தொகுதிக்காரர்களுக்கு அவரைப் பற்றி வேறு கணக்கு இருந்தது. கல்யாணத்துக்கு வந்தாரா, சாவுக்கு வந்தாரா, மனு கொடுத்தால் வாங்கினாரா என்ற கணக்கு. மீம் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டே கிடையாது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் 2011 சட்டமன்றத் தேர்தல். விஜயகாந்தின் தே.மு.தி.க., அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. தி.மு.க. மேடைகளில் ஏறிய வடிவேலு, ஊர் ஊராகப் போய் விஜயகாந்தை மட்டுமே குறிவைத்துப் பேசினார். குடி, நடை, பேச்சு எல்லாம் கிண்டலுக்கு ஆளாயின. போன இடமெல்லாம் கூட்டமான கூட்டம். கைத்தட்டல், விசில். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். முடிவு வந்தபோது தி.மு.க.வுக்கு 23 இடங்கள், தே.மு.தி.க.வுக்கு 29. கிண்டல் செய்யப்பட்டவர் எதிர்க்கட்சித் தலைவராகச் சட்டமன்றத்துக்குள் போனார். கிண்டல் செய்தவருக்கு அதன் பிறகு வருடக்கணக்கில் சினிமா வாய்ப்பே சுருங்கிப்போனது. சிரிக்க வந்த கூட்டத்தை ஓட்டுப் போட வந்த கூட்டம் என்று நம்புகிற தவறைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் பலமுறை செய்திருக்கின்றன. வெற்றிகொண்டான், தீப்பொறி ஆறுமுகம் மாதிரியான கட்சி மேடைப் பேச்சாளர்கள் பேசினால் கூட்டம் கலையாமல் கடைசி வரை நிற்கும். அந்த ஊரிலேயே கட்சி தோற்கவும் செய்யும்.

விஜயகாந்த் விஷயத்தில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அது தேர்தல் கணக்கு பற்றியது இல்லை. 2015 டிசம்பரில் ஒரு நிருபர் அ.தி.மு.க. மறுபடி ஆட்சிக்கு வருமா என்று கேட்டபோது, இதையெல்லாம் ஜெயலலிதாவிடம் கேட்க முடியுமா என்கிற தொனியில் கோபப்பட்டு, "தூ" என்று துப்பிவிட்டு எழுந்து போனார். அதைக் கண்டித்தது முழுக்க முழுக்க நியாயம். அது அவர் தெரிந்து செய்த செயல். பத்திரிகையாளர்களிடம் ஒரு எதிர்க்கட்சித் தலைவர் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. ஆனால் அதே காலகட்டத்தில், ஏறக்குறைய அதே ஆட்கள், அவருடைய குழறிய பேச்சையும் தள்ளாடிய நடையையும் வைத்து இன்னும் அதிகமாக மீம் போட்டார்கள். அவருக்கு உடம்பு சரியில்லை. சிகிச்சைக்காக வெளிநாடு போய் வந்துகொண்டிருந்தார். 2016 பிரசாரத்தில் அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறுவதைத் துண்டு துண்டாக வெட்டிப் பின்னணியில் இசை சேர்த்துப் போட்டார்கள். நோய் என்று தெரிந்த பிறகும் அது நிற்கவில்லை.

2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தார். கோயம்பேட்டிலும் தீவுத்திடலிலும் கூடிய கூட்டத்தை எல்லாரும் பார்த்தார்கள். அவர் எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டார், எத்தனை பேரைத் தூக்கிவிட்டார் என்று அன்றைக்குத்தான் எல்லாரும் எழுதினார்கள். அவரைக் கேலி செய்த பலரும் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போட்டார்கள். அந்த மன்னிப்பு உண்மையானதுதான் என்று நம்புகிறேன். ஆனால் அவர் உயிரோடு இருந்த வருடங்களில் அவருடைய குடும்பம் தினமும் என்னென்ன பார்த்திருக்கும் என்று நினைக்கும்போது மனசு கேட்கவில்லை.

உடம்பைக் குறிவைக்கும் கிண்டல் பெண் தலைவர்கள்மேல்தான் மிக மோசமாகப் பாய்கிறது. தமிழிசை சௌந்தரராஜன் பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த ஐந்து வருடங்களும் அவருடைய தலைமுடி, நிறம், உயரம்தான் மீம்களின் பாதிச் சரக்கு. அவருடைய கட்சியை எதிர்க்க ஆயிரம் கொள்கைக் காரணங்கள் சொல்லலாம். நீட் இருக்கிறது, ஜி.எஸ்.டி. இருக்கிறது, தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு இருக்கிறது. அத்தனையும் கையில் இருக்க, ஒரு பெண்ணின் சுருட்டை முடியைப் பிடித்துக்கொண்டவர்களில் சமூகநீதி பேசுகிறவர்களே ஏராளம். நிறத்தையும் முடியையும் வைத்து மனிதரை எடை போடக் கூடாது என்பதுதானே அவர்கள் மேடையில் பேசுவது? எதிராளி என்றதும் அது மறந்துபோகிறது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான பகுதிக்கு வருகிறேன். வாய்தவறலுக்கும் உளறலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கட்சிக்காரர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது கம்பராமாயணத்தைச் சேக்கிழாரோடு சேர்த்துப் பேசிவிட்டார். தி.மு.க.வினர் அதை இன்றுவரை விடவில்லை. மு.க.ஸ்டாலின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது பழமொழிகளை முன்பின் மாற்றிச் சொன்ன துண்டுகளை அ.தி.மு.க.வினரும் பா.ஜ.க.வினரும் இன்றுவரை விடவில்லை. இரண்டுமே ஒரே ரகம். நாள் ஒன்றுக்கு ஐந்தாறு கூட்டம் பேசுகிறவர், தொண்டை கட்டி, தூக்கம் கெட்டு, கையில் இருக்கும் குறிப்புச் சீட்டைப் பார்த்துப் பேசும்போது சொல் புரளத்தான் செய்யும். கம்பனைப் படிக்காத முதலமைச்சர் நல்ல பட்ஜெட் போட முடியும். பழமொழி தெரியாதவர் நல்ல சட்டம் கொண்டுவர முடியும். பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர் வேலைக்கா நாம் ஆள் எடுக்கிறோம்? ஒருநாள் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். வருடக்கணக்கில் அதையே ஒருவருடைய தகுதிக்குச் சான்றாகக் காட்டுகிறவர், அவருடைய ஆட்சியைப் பற்றிச் சொல்ல வேறு எதையும் தேடிப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். 2019 மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, பிரதமர் நரேந்திர மோடி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானப்படை தாக்குதல் நடத்திய இரவைப் பற்றிச் சொன்னார். அன்று வானிலை சரியில்லை, தேதியை மாற்றலாமா என்று நிபுணர்கள் யோசித்தார்கள், மேகம் இருப்பதால் ராடாரிலிருந்து நம் விமானங்கள் தப்பிக்கலாமே என்று தான் சொன்னதாகச் சொன்னார். அது நாக்குப் புரண்டதல்ல. யோசித்து, நிதானமாக, பெருமையாகச் சொன்னது. ராடார் வேலை செய்வது வானொலி அலைகளில். மேகம் அவற்றைப் பெரிதாகத் தடுக்காது. அவருடைய கட்சியே அந்தக் கூற்றைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டுப் பிறகு நீக்கியது. இங்கே கேள்வி பிரதமருக்கு இயற்பியல் தெரியுமா என்பதே இல்லை. அவர் சொன்னபடியே நடந்திருந்தால், நிபுணர்கள் தயங்கியபோது தப்பான காரணத்தை நம்பி விமானிகளை அனுப்பும் முடிவு எடுக்கப்பட்டது என்று அர்த்தம். நாட்டின் உச்சியில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைப் பற்றி அவரே கொடுத்த வாக்குமூலம் அது. அதைப் பற்றி நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் மாதக்கணக்கில் கேட்டிருக்கலாம். எதிர்க்கட்சிகள் மேகப் படம் போட்டுச் சிரித்தன. ஆதரவாளர்கள் மேகத்துக்கும் ராடாருக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்கக் கிளம்பினார்கள். இரண்டு வாரத்தில் பா.ஜ.க. 303 இடங்களோடு திரும்பி வந்தது. விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது.

ஆக, தவறிய நாக்கை மன்னிக்கலாம், தவறிய முடிவை விடக் கூடாது. நடப்பது நேர்மாறாக இருக்கிறது. பழமொழி துண்டு பத்து வருடம் ஓடுகிறது, ராடார் பதினைந்து நாளில் அடங்கிவிடுகிறது. ஏன் என்றால் பழமொழியைப் புரிந்துகொள்ள எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பத்து வினாடி போதும்.

இந்தப் பத்து வினாடி எப்படித் தயாராகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி அநியாயம் அங்கேதான் நடக்கிறது. முழுப் பேச்சு நாற்பது நிமிடம் இருக்கும். வெட்டுகிறவர் அதை உட்கார்ந்து கேட்பதில்லை. ஒலி அலை மேலே எழும்பும் இடத்தைப் பார்த்துத் தாவித் தாவிப் போவார். கைத்தட்டல், கோபம், தடுமாற்றம், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கிடைத்தால் நிறுத்துவார். பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் முன்னும் பின்னும் கத்தரி போடுவார். நம் மொழியில் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது "என்று அவர் சொன்னார்" என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அந்த வாலை மட்டும் வெட்டிவிட்டால், எதிராளி சொன்னதாகத் தலைவர் எடுத்துக்காட்டியது, தலைவரே சொன்னதாக ஆகிவிடும். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் அவசரத்தில் இப்படி வால் அறுந்த துண்டுகள் ஒளிபரப்பாகி, மறுநாள் விளக்கம் போட்டதும் உண்டு. முதல் துண்டைப் பார்த்த கூட்டத்தில் ஒரு சிறு பகுதிகூட விளக்கத்தைப் பார்த்திருக்காது.

ராகுல் காந்திக்கு நடந்தது இதுதான். 2017 நவம்பரில் குஜராத் தேர்தல் பிரசாரத்தில், ஒரு பக்கம் உருளைக்கிழங்கைப் போட்டால் மறு பக்கம் தங்கம் வரும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, இது என் வார்த்தை இல்லை, நரேந்திர மோடியின் வார்த்தை என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பரப்பினார்கள். இன்றும் ராகுல் உருளைக்கிழங்கிலிருந்து தங்கம் எடுப்பேன் என்றார் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மோடி அப்படியொரு வாக்குறுதி கொடுத்ததற்குச் சான்றும் கிடைக்கவில்லை. ஆகவே ராகுலிடம் கேட்டிருக்க வேண்டிய நியாயமான கேள்வி, "பிரதமர் சொல்லாததை ஏன் அவர் சொன்னதாகச் சொன்னீர்கள்?" என்பது. அந்தக் கேள்வி வெட்டுப்பட்ட துண்டோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் பழையது. 2004 ஜனவரியில் ஹோவர்ட் டீன் என்பவர், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் ஐயோவா மாநிலத்தில் மூன்றாம் இடம் வந்து, தொண்டர்களை உற்சாகப்படுத்த மேடையேறினார். அடுத்தடுத்துப் போகப்போகும் மாநிலங்களின் பெயர்களை அடுக்கிக் கடைசியில் ஒரு கூவல் போட்டார். மண்டபத்தில் தொண்டர்கள் போட்ட சத்தத்தில் அவர் குரல் சரியாகக்கூடக் கேட்கவில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர் கையில் இருந்த மைக் சுற்றுப்புற ஓசையை வடிகட்டுகிற ரகம். தொலைக்காட்சிக்குப் போன ஒலியில் கூட்டமே இல்லை. ஒரு மனிதர் தனியாக நின்று கத்துகிற மாதிரி இருந்தது. அடுத்த நான்கு நாட்களில் அந்தத் துண்டை நூற்றுக்கணக்கான தடவை ஒளிபரப்பினார்கள். அந்தக் கூவலால்தான் அவர் தோற்றார் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை, கூவலுக்கு முன்னாலேயே மூன்றாம் இடம் வந்துவிட்டார். ஆனால் எழுந்து வருவதற்கு இருந்த வாய்ப்பை அது அடைத்தது உண்மை. இதில் கவனிக்க வேண்டியது, துண்டில் ஒரு வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. மைக் செய்த வேலை அது.

சாரா பேலின் கதை வேறு மாதிரி. 2008இல் துணை அதிபர் வேட்பாளராக இருந்த அவர், அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்று பேட்டியில் சொன்னார். அது உண்மை, பெரிங் நீரிணையில் இரு நாட்டுத் தீவுகளுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. "என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியுமே" என்பது ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் அவரைப் போல வேஷம் போட்ட நடிகை டினா ஃபே பேசிய வசனம். இன்று பெரும்பாலானவர்களுக்குப் பேலின் சொன்னதாக நினைவில் இருப்பது அந்த வசனம்தான். அவருடைய அசல் பதிலில் இருந்த பலவீனம் வேறு. பக்கத்து நாடு என்பதாலேயே தனக்கு வெளியுறவு அனுபவம் உண்டு என்பதுபோல அவர் பேசியதுதான் கேட்கப்பட வேண்டியது. வேஷக்காரியின் வசனம் அதையும் மூடிவிட்டது.

பதிவின் ஆரம்பத்தில் கிண்டல் உரிமை என்று சொன்னேன். இத்தனை குறை சொன்ன பிறகும் அதிலிருந்து நான் பின்வாங்கவில்லை. கிண்டல் எல்லை மீறுகிறது, தடுக்கச் சட்டம் வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே உஷாராகிவிட வேண்டும், ஏனென்றால் அந்தச் சட்டம் நோயாளியைக் காப்பாற்றப் பயன்படாது, அமைச்சரைக் காப்பாற்றத்தான் பயன்படும். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து ஒரு ஜோக் வந்தது. சட்டமன்ற உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விடுவித்தார்கள். அவர் விடாமல் நீதிமன்றம் போய் வழக்கில் ஜெயித்தார்.

அது எம்.ஜி.ஆர். காலம், பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2012இல் மேற்கு வங்கத்தில் மம்தா பானர்ஜியைக் கேலி செய்யும் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக ஒரு பேராசிரியரைக் கைது செய்தார்கள். அவர் வழக்கிலிருந்து விடுபட 2023 ஆகிவிட்டது. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைப் பற்றிக் கார்ட்டூன் போட்டதற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலாவைச் சென்னை வந்து கைது செய்து கூட்டிப்போனார்கள். அந்தக் கார்ட்டூன் பார்க்க அருவருப்பாக இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். கந்துவட்டிக்குக் குழந்தைகள் எரிந்ததைவிட அருவருப்பானதா அது? அந்தப் படம் முதலமைச்சரையும் ஆட்சியரையும் காவல்துறை அதிகாரியையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. மனு கொடுத்தபோது நீங்கள் எங்கே போனீர்கள் என்ற கேள்வி. நான் மேலே சொன்ன தெர்மாகோல் மீம்களில் எதுவும் அப்படியொரு கேள்வியைக் கேட்கவில்லை. அதனால்தான் தெர்மாகோல் மீம் போட்ட யாருடைய வீட்டுக்கும் போலீஸ் போகவில்லை என்று நினைக்கிறேன்.

தன் தலைவர் உளறினால் ஏன் சிரிப்பு வருவதில்லை என்பதற்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்சி என்பது பலருக்கு இங்கே குடும்பம் மாதிரி. அப்பா கல்யாண வீட்டில் தப்பாகப் பேசிவிட்டால் பிள்ளை சபையில் சிரிக்க மாட்டான். வீட்டுக்கு வந்துதான் ஏதாவது சொல்லுவான். அந்த விசுவாசத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கட்சிகளுக்குள் வீட்டுக்கு வந்து சொல்லும் இடமே இல்லாமல் போய்விட்டதுதான் சிக்கல். பொதுக்குழுவில் தலைவரின் தவறான முடிவைப் பற்றி எழுந்து பேசிய தொண்டர் என்ன ஆவார் என்று எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். உள்ளே பேச முடியாத ஆள் அந்தக் கோபத்தையெல்லாம் எதிர்க்கட்சித் தலைவரின் பழமொழிமேல் கொட்டுகிறார்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், நான் செய்வதைச் சொல்கிறேன். துண்டு ஒன்று கைக்கு வந்தால் அந்தப் பேச்சின் முழுக் காணொளியைத் தேடுவேன். இப்போது கட்சிகள் பலவும் தங்கள் கூட்டங்களை யூடியூபில் முழுதாகப் போட்டுவிடுகின்றன. துண்டு தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து, முடிந்த பிறகு ஒரு நிமிடம் வரை கேட்டாலே பெரும்பாலும் விஷயம் புரிந்துவிடும். அப்புறம், இதே வார்த்தையை எனக்குப் பிடித்த தலைவர் சொல்லியிருந்தால் நான் இதைப் பகிர்வேனா என்று யோசிப்பேன். இல்லை என்று பட்டால் பகிர மாட்டேன். பகிரத் தகுந்த விஷயம் என்று பட்டால், அதில் எந்தத் துறை, எவ்வளவு பணம், யார் கையெழுத்து என்று தெரிந்ததையும் சேர்த்து இரண்டு வரி எழுதிப் போடுவேன். அந்த இரண்டு வரியை எழுத உட்கார்ந்தாலே, சொல்வதற்கு விஷயம் இருக்கிறதா, வெறும் சிரிப்புதானா என்பது தெரிந்துபோகும்.